.300 பிளாக்அவுட் கூடு: .223-ஐ வெட்டிச் செய்வதா, புதிதாக வாங்குவதா?

டெக்சாஸில் என் .300 பிளாக்அவுட் துப்பாக்கிக்கான தோட்டாக்களைச் சில ஆண்டுகளாக நானே நிரப்பிக்கொள்கிறேன். வெடிமருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளைக் கூட்டைப் பெற இரண்டு வழிகள் உண்டு. அடியில் அந்த ரகத்தின் பெயரே பொறித்த புதுக் கூடுகளை ஸ்டார்லைன், லபுவா போன்ற நிறுவனங்களிடமிருந்து வாங்கலாம். அல்லது சுட்டு முடித்த .223 ரெமிங்டன் ரகக் கூட்டை வெட்டி உருமாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் செய்து பார்த்த நான் இப்போது வெட்டுகிறவர்கள் பக்கம்.

2011-இல் தரப்படுத்தப்பட்ட இந்த ரகத்தின் அடிப்பாகம் .223-இன் அடிப்பாகமேதான் என்பதால் உருமாற்றம் எளிது. 44.7 மி.மீ. நீளமுள்ள கூட்டை, தோளுக்கு (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவுக்கு) கீழே, சிறிய மேசை ரம்பத்தில் வெட்டி, பிசிர் நீக்கி, மசகு தடவி, பிளாக்அவுட் டையில் (கூட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சில்) ஏற்றி இறக்கினால் புதுத் தோளும் கழுத்தும் உருவாகிவிடும். பின்பு உச்ச அளவான 34.7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகச் சீவ வேண்டும். ராணுவக் கூடாக இருந்தால் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) அமரும் குழியைச் சுற்றியுள்ள நெரிப்பையும் அகற்ற வேண்டும்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காசு கொடுத்து வாங்கிய கூட்டைத் துப்பாக்கி முழங்கால் உயரப் புல்லுக்குள் வீசும்போது மண்டியிட்டுத் தேடுவேன். வெட்டிச் செய்த கூடு என்றால் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது கழுத்துச் சுவரின் கனம். குண்டின் விட்டம் 0.308 அங்குலம், நிரப்பிய தோட்டாவின் கழுத்து 0.334 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஆக, ஒரு பக்கச் சுவருக்கு மிஞ்சுவது அதிகபட்சம் 0.013 அங்குலம், லேத் பட்டறைப் பேச்சில் 13 தவ். ஆனால் உருமாற்றிய கூட்டின் கழுத்து, பழைய கூட்டின் கழுத்தன்று, அதன் உடல். அந்த உடற்சுவர் அடியை நோக்கிச் செல்லச் செல்லத் தடிக்கும், எவ்வளவு தடிக்கும் என்பது உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும். என் முதல் தொகுதியில் அடிமுத்திரை பாராமல் கலந்து வெட்டினேன். குண்டு பொருத்திய ஒன்றைக் காலிப்பரில் அளந்தபோது 0.336 காட்டியது. அப்படிப்பட்ட தோட்டா சேம்பருக்குள் (துப்பாக்கியில் தோட்டா அமரும் அறைக்குள்) போகாமல் நின்றுவிட்டால் நல்லது. வலுக்கட்டாயமாக நுழைந்துவிட்டால், குண்டை விடுவிக்கக் கழுத்து விரிய இடமின்றி, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். கழுத்தின் வெளிப்புறத்தைக் கடைந்து சரிசெய்யலாம்தான், ஆனால் ஒவ்வொரு கூட்டுக்கும் அதைச் செய்யத் தொடங்கினால் இலவசம் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. ஆகவே இப்போது வெட்டுவதற்கு முன்பே தரம் பிரித்து, அமெரிக்க ராணுவத் தோட்டா ஆலையான லேக் சிட்டியின் ‘எல்சி’ முத்திரை உள்ளவற்றை மட்டும் எடுக்கிறேன். அவை 0.334-க்குள் வசதியாக அடங்குகின்றன. ஆயினும் ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றில் குண்டு பொருத்தி அளந்த பிறகே மற்றவற்றைத் தொடுகிறேன்.

உருமாற்றிய கூட்டின் ஆயுளைப் பற்றி என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வளைத்து நெரித்த பித்தளை இறுகிவிடும் என்பதால் கழுத்தையும் தோளையும் மட்டும் சுடரில் காட்டிப் பதப்படுத்துகிறேன்; அடிப்பாகத்தில் சூடு ஏறினால் கூடு குப்பைக்குத்தான். என் கூடுகள் ஐந்தாறு முறை நிரப்பியும் வெடிப்பின்றி இருக்கின்றன, ஆனால் நான் பெரும்பாலும் ஒலியை விடக் குறைந்த வேகத் தோட்டாக்களையே சுடுகிறேன். புதியவற்றில் ஸ்டார்லைன் நூறு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன், லபுவாவைத் தொட்டதில்லை.

புதுக் கூடு தெளிவாக முந்தும் இடம் ஒன்று உண்டு. உருமாற்றிய கூட்டின் அடியில் பழைய முத்திரையே இருக்கும், அதைப் பார்த்து .223 தோட்டா என்று நினைத்துவிடலாம். பிளாக்அவுட் தோட்டா சில .223 துப்பாக்கிகளின் சேம்பருக்குள் நுழைந்து, அதன் பின்புறத்தை அடைக்கும் போல்ட் மூடவும் இடம்கொடுக்கும். சுட்டால் துப்பாக்கியே சிதறக்கூடும். வீட்டில் இரண்டு ரகத் துப்பாக்கியும், எடுத்துச் சுடுபவர் ஒருவருக்கு மேலும் இருந்தால், காசைப் பார்க்காமல் புதிதாக வாங்குங்கள். என் வீட்டில் சுடுவது நான் ஒருவன்தான் என்றாலும், உருமாற்றியவற்றின் அடியில் சிவப்பு மை தடவித் தனிப் பெட்டியில் பூட்டி வைக்கிறேன். காட்டுப்பன்றி வேட்டைக்கு நண்பர்களோடு போகும் இரவுகளில், யார் பையிலிருந்து யார் தோட்டா எடுப்பார் என்று இருட்டில் சொல்ல முடியாது. அந்த இரவுகளுக்கு மட்டும் ஸ்டார்லைன் நூறும் வெளியே வரும்.