துப்ரொவ்னிக்: மதிலுக்குள் வீடா, துறைமுகத்தருகே வீடா?

குரோவேஷியாவின் துப்ரொவ்னிக் நகருக்குக் குடும்பத்தோடு சென்று, ஒரு வேளையாவது சொந்தமாகச் சமைத்துச் சாப்பிட விரும்புகிறவர்கள், சமையலறையுடன் கூடிய வாடகை வீட்டைத் தேடும்போது அது மதிலுக்குள் இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. ஏறத்தாழ 1,940 மீட்டர் நீளக் கோட்டை மதில் சூழ்ந்த பழைய நகரம் ஒரு தேர்வு. அங்கிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ள க்ரூஷ் துறைமுகப் பகுதி மற்றொன்று. லபாத் பகுதி, கடலில் குளிப்பதையே நோக்கமாகக் கொண்டு வருபவர்களுக்கு ஏற்றது என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

1979-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பழைய நகரத்திற்குள் வாடகை வண்டி நுழையாது. கோட்டை மதிலின் பிலே வாசலில் இறங்கி, பெட்டிகளை நாமேதான் கொண்டுபோக வேண்டும். முதன்மைத் தெருவான ஸ்த்ராதூன் சமதளம்தான். ஆனால் அதன் வடபுறம் பிரியும் சந்துகள் எல்லாமே மதிலின் அடிவரை ஏறும் படிக்கட்டுகள். 1667 நிலநடுக்கத்துக்குப் பின் எழுப்பிய வீடுகளில் கீழே கடையும் கிடங்கும், நடுவே குடியிருப்பும், தீ பரவாதிருக்க உச்சியில் அடுப்பங்கரையும் வைத்துக் கட்டினார்கள். இன்றைய வாடகைக் குடியிருப்புகளில் பல அந்த ஒடுங்கிய வீடுகளுக்குள்ளேயே அமைந்திருப்பதால், சந்தின் படிகளை ஏறி முடித்தபின் வீட்டுக்குள்ளும் செங்குத்தான படிகள் காத்திருக்கும். அரிசியையும் பாலையும் தூக்கிக்கொண்டு ஏறும்போதுதான் அதன் கடினம் தெரியும். கோடை இரவுகளில் உணவகங்களின் பேச்சொலி கற்சுவர்களில் மோதி, நெடுநேரம் படுக்கையறைவரை வந்துகொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் ஈடாக மதிலுக்குள் கிடைப்பது விடியற்காலை. கப்பல் பயணிகள் வந்து சேருமுன், பல தலைமுறைக் காலடிகள் தேய்த்து வழவழப்பாக்கிய சுண்ணாம்புக்கல் தளம் மழை நனைந்த தரைபோல மின்ன, 15-ஆம் நூற்றாண்டின் ஒனோஃப்ரியோ நீரூற்றில், செதுக்கிய முகங்களின் வாயிலிருந்து விழும் தண்ணீரைப் புட்டியில் பிடிக்கலாம். இன்றும் அது குடிக்கத் தகுந்த நீர். அந்த ஒரு மணி நேரத்திற்காகவே மதிலுக்குள் தங்கலாம் என்பவர்களை நான் மறுக்கமாட்டேன். சமையலுக்காக என்றால் நிலை வேறு. குண்டூலிச் சதுக்கத்தின் காலைச் சந்தையில் காய்கறி உண்டு என்றாலும், உலர்ந்த அத்தியும் சர்க்கரையில் பதப்படுத்திய ஆரஞ்சுத் தோலும் லாவெண்டர் பைகளும்தான் கண்ணில் முந்திப் படும்.

க்ரூஷின் சந்தை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்கு வாங்கும் சந்தை. மீன் விரும்புகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும். சைவர்களுக்கு ப்ளித்வா என்னும் அகன்ற இலைக்கீரை போதும்: உருளைக்கிழங்கோடு வேகவைத்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்தால் அரைமணிக்குள் சோற்றுக்குத் தொடுகறி தயார். வெளியூர்ப் பேருந்து நிலையமும், எலாஃபிட்டித் தீவுகளுக்கான படகுத் துறையும் இங்கேயே இருக்கின்றன. பிலே வாசலுக்கு நகரப் பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன. கோடையில் மட்டும் கப்பல் கூட்டமும் சாலை நெரிசலும் பொறுமையைச் சோதிக்கும். எங்கே தங்கினாலும் சனிக்கிழமையே மளிகை வாங்கிவிடுங்கள். 2023 ஜூலை முதல் கடைகள் ஆண்டுக்கு 16 ஞாயிறுகளில் மட்டுமே திறக்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம்.

என் முடிவில் ஊர்க்காரர்களின் நிலைமைக்கும் பங்குண்டு. வீடுகள் ஒவ்வொன்றாக விடுதிகளாக மாறியதில் மதிலுக்குள் நிரந்தரமாக வாழ்பவர்கள் வெகுவாகக் குறைந்துபோனார்கள். பழைய நகரத்தில் புதிய சுற்றுலா வாடகை அனுமதிகளை நிறுத்தும் நிலைக்கு நகராட்சி வந்ததும் அதனால்தான். ஆகவே பெரியவர்களோடும் குழந்தைகளோடும் நான்கைந்து நாள் தங்குவோருக்கு க்ரூஷையே தயங்காமல் சொல்வேன். குளிர்காலத்தில் இரண்டு இரவுகளுக்கு மட்டும், இருவராகப் போகிறவர்கள் மதிலுக்குள் தங்கலாம். அப்போதும் ஸ்த்ராதூனிலிருந்து வீட்டு வாசல்வரை எத்தனை படிகள், வாசலிலிருந்து அடுப்புவரை எத்தனை படிகள் என்று வீட்டுக்காரரிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, முடிந்தால் தென்புறத்தில் சமதளமாக ஓடும் ஓட் பூச்சா தெருவை ஒட்டிய வீடாகப் பாருங்கள்.