டெஸ்ட் எடுக்காமல் ஹார்மோன் மாத்திரை எழுதினால் அப்படியே வாங்கிக்கொண்டு வராதீர்கள்

பீரியட்ஸ் ஒழுங்காக வராத பெண்கள், அதிலும் சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். பிளீடிங் ஆகிறது, அதனால் கர்ப்பமாக இருக்க வாய்ப்பில்லை என்று ஒரு டாக்டர் என்னை மாத்திரை கொடுத்து அனுப்பினார். நான் கர்ப்பமாகத்தான் இருந்தேன். கரு கருக்குழாயில் தங்கியிருந்தது.

எனக்கு எப்போதுமே நாள் தள்ளித்தான் வரும். அந்தத் தடவை ரொம்பவே தள்ளிப்போய், அப்புறம் வந்ததும் வழக்கம்போல் இல்லாமல் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, ஒருநாள் நின்று மறுநாள் மறுபடி என்று வந்துகொண்டிருந்தது. அடிவயிற்றில் இடப்பக்கம் மட்டும் வலி. எல்லாவற்றையும் சொன்னேன், கருத்தடை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்து. அவர் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "நீர்க்கட்டி இருக்கிறவங்களுக்கு இப்படித்தாம்மா வரும்" என்று ரத்தம் நிற்க ஹார்மோன் மாத்திரை எழுதினார். யூரின் டெஸ்ட் எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். "அதான் பிளீடிங் ஆகுதே" என்றார்.

மாத்திரை போட்டும் நிற்கவில்லை. போன் செய்தால் டாக்டர் பேசவில்லை. வரவேற்பில் இருந்த பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, அதையே வேளைக்கு இரண்டாகப் போடச் சொல்கிறார் என்றார். வலி கூடிவிட்டது என்று நான் சொன்னது உள்ளே போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை.

அப்புறம் ஒரு விடியற்காலை எழுந்து நிற்க முடியாமல் தலை சுற்றியது, கூடவே தோள்பட்டை நுனியில் வலி. வீட்டில் சுளுக்கு என்று நினைத்தார்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசையை உறுத்தினால் அந்த வலி தோளில் தெரியுமாம், பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் தெரிந்தது. அங்கே அவசரப் பிரிவில் முதல் வேலையாக யூரின் டெஸ்ட் எடுத்தார்கள், சில நிமிடத்தில் இரண்டு கோடு வந்துவிட்டது. அவ்வளவு சின்ன வேலை அது! ஸ்கேனில் கருப்பை காலி, வயிறு முழுக்க ரத்தம். அன்றே ஆபரேஷன் செய்து இடது குழாயை எடுத்துவிட்டார்கள். குழாய் வெடிப்பதற்கு முன்பே, கரு சின்னதாக இருக்கும்போதே தெரிந்துவிட்டால் பலருக்கு ஆபரேஷன் இல்லாமல், கரு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியிலேயே சரியாகிவிடும் என்பதை அதற்கப்புறம் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் தாங்கவில்லை.

ரத்தம் வருவது கர்ப்பம் இல்லை என்பதற்கு ஆதாரமே கிடையாது. கர்ப்பமான பெண்களில் ஏறக்குறைய 4 பேரில் ஒருவருக்கு முதல் 3 மாதத்துக்குள் கொஞ்சமாவது ரத்தம் படும், அதில் நிறைய பேருக்குக் குழந்தை நல்லபடியாகவே பிறக்கிறது. 100 கர்ப்பத்தில் ஒன்றிரண்டு கருப்பைக்கு வெளியே தங்குகிறது, அதில் பெரும்பாலானவை குழாயில்தான். காப்பர் டீ போட்டவர்களும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களும் கர்ப்பமாவது அரிது, ஆனால் ஆகிவிட்டால் அது குழாயில் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நீர்க்கட்டி இருந்தால் கருமுட்டை ஒழுங்காக வெளிவராது என்பது உண்மை, ஆனால் ஏதாவது ஒரு மாதம் வரும், எந்த மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. மாதக்கணக்கே இல்லாதவர்களிடம் நாள் தள்ளிப்போய் எவ்வளவு நாள் ஆச்சு என்று கேட்டு என்ன பிரயோஜனம்? கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் சேர்ந்து 21 நாள் ஆனபிறகு யூரின் டெஸ்ட் எடுத்தால் அந்த முடிவை நம்பலாம். அதற்கு முன் எடுத்து ஒரு கோடு வந்தால் மறுபடி எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்ப்பார்கள், 48 மணி நேரம் கழித்து இன்னொரு தடவையும் பார்ப்பார்கள். நல்ல கர்ப்பத்தில் ஆரம்ப வாரங்களில் அந்த அளவு மளமளவென்று ஏறும், குழாயில் இருந்தால் பெரும்பாலும் மந்தமாக ஏறும். டெஸ்டில் கர்ப்பம் இல்லை என்று உறுதியானபிறகுதான் தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன், ஃபைப்ராய்டு என்ற கருப்பைக் கட்டி என்று மற்ற காரணங்களைத் தேட வேண்டும்.

பீரியட்ஸ் வரவைக்க என்று மாத்திரை கொடுத்தாலும் இதே கதைதான், முதலில் டெஸ்ட். ரத்தப்போக்கோடு ஒருபக்க வயிற்றுவலி, மயக்கம், தோள்வலி என்று எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஸ்கேனும் ஆபரேஷன் வசதியும் உள்ள இடத்துக்கே நேராகப் போங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தில் சிக்கல் வராமல் இருக்கப் போடும் ஆன்ட்டி டி ஊசி வேண்டுமா என்று மறக்காமல் கேளுங்கள்.

உடம்பு தேறியதும் அந்த கிளினிக்கில் என் கேஸ் ஷீட் நகலைக் கேட்டு வாங்கினேன். "கர்ப்பம் இல்லை" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எந்த டெஸ்டில் தெரிந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. நான் டெஸ்ட் கேட்டது, இடப்பக்க வலி, போனில் மாத்திரையைக் கூட்டியது எதுவுமே அதில் எழுதப்படவில்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. உங்களுக்கு யாராவது டெஸ்ட் தேவையில்லை என்று சொன்னால், அதைச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி, அங்கேயே நின்று வாங்குங்கள்.