லைசென்ஸ் வந்த பிறகு என்ன ஒட்டுவது? பிரிட்டனின் பச்சை பி, நியூ ஜெர்சியின் சிவப்பு வில்லை, ஜப்பானின் வகாபா

கார் பழகுகிறவர்களுக்கு நம் ஊரில் எல் போர்டு கட்டாயம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதன் அளவைக்கூடச் சொல்கின்றன. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் இருக்க வேண்டும். எழுத்தின் உயரம் 10 செ.மீ.-க்குக் குறையக் கூடாது. பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் ஒருவரும் இருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டால் போர்டும் போய்விடுகிறது, பக்கத்தில் இருந்தவரும் போய்விடுகிறார்.

ஆனால் நிஜமான நடுக்கம் அதற்கப்புறம்தான். மேம்பாலத்து ஏற்றத்தில் சிக்னல் விழுகிறது. பின்னால் டவுன் பஸ் ஒன்று ஒட்டி நிற்கிறது. பச்சை வந்ததும் கிளட்ச்சை விட, கார் ஓர் அடி பின்னால் உருண்டு ஆஃப் ஆகிறது. உடனே நாலாபக்கமும் ஹார்ன். ‘ஓட்டுவது புதியவர்’ என்று பின்னால் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு அடி தள்ளி நின்றிருப்பாரே என்று தோன்றும். அதனால்தான் லைசென்ஸ் வந்த பிறகும் பலர் எல் ஸ்டிக்கரைக் கழற்றுவதில்லை. இதை அவரவர் விருப்பத்துக்கு விடுவது போதுமா, சட்டம் போட வேண்டுமா? மூன்று இடங்களில் மூன்று வழிகள் இருக்கின்றன.

பிரிட்டனில் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். பழகும்போது எல் கட்டாயம். வேல்ஸில் அதற்குப் பதில் டி வைத்துக்கொள்ளலாம். தேர்வில் பாஸான பிறகு பச்சை நிற பி ஒட்டலாம், ஒட்டாமலும் இருக்கலாம். இத்தனை மாதம் என்று கணக்கில்லை, ஒட்டாவிட்டால் அபராதமும் இல்லை. பத்து வருடம் வண்டியைத் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்ப ஓட்டுகிறவரும் ஒட்டிக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தானாக முன்வந்து பி ஒட்டுகிறவர் ஏற்கெனவே பயந்து பயந்து ஓட்டுகிறவர். ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்று மிதிக்கிற பதினெட்டு வயதுப் பையன் அதைத் தொடவே மாட்டான். பி ஒட்டிய வண்டியிடம் மற்றவர்கள் இப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் சட்டம் எதுவும் சொல்வதில்லை. அது ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். அதே நாட்டின் வடக்கு அயர்லாந்தில் புதியவர்கள் ஓராண்டுக்கு ஆர் பலகை வைத்தே ஆக வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ‘ஸ்டூடன்ட் டிரைவர், பொறுமை காட்டுங்கள்’ என்று எழுதிய காந்த ஸ்டிக்கர்கள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. யாரும் வாங்கலாம், எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஒட்டலாம். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களும் ஒட்டுவதால் அதன் மதிப்பு குறைந்துகொண்டே போகிறது.

அங்கே நியூ ஜெர்சி மாநிலம் மட்டும் வேறு பாதையில் போனது. 2006-இல் பதினாறு வயது மாணவி ஒருவர் கார் விபத்தில் இறந்த பிறகு, அவர் பெயரிலேயே வந்த சட்டம் 2010 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 21 வயதுக்குக் குறைந்த பழகுநர்களும் தற்காலிக உரிமம் (முழு உரிமத்துக்கு முன் கட்டுப்பாடுகளோடு தருவது) உள்ளவர்களும் முன்பின் நம்பர் பிளேட்டுகளின் மூலையில் சிவப்பு வில்லை (சின்ன ஸ்டிக்கர்) ஒன்றை ஒட்ட வேண்டும். தவறினால் 100 டாலர் அபராதம். பிள்ளைகளின் வயதை ஊருக்கே காட்டிக்கொடுக்கிறது என்று பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2012-இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, முதல் ஆண்டிலேயே தற்காலிக உரிமம் பெற்ற இளையவர்களின் விபத்து விகிதம் சுமார் 9 சதவீதம் குறைந்திருந்தது.

ஆனால் அந்த வில்லை முதலில் போலீசுக்கானது. இளம் ஓட்டுநர்கள் இரவு 11 மணிக்கு மேல் ஓட்டக் கூடாது, வண்டி நிறைய நண்பர்களை ஏற்றக் கூடாது என்ற விதிகள் அங்கே உண்டு. அவற்றை மீறுகிறவரை ரோட்டில் அடையாளம் காணத்தான் வில்லை. பின்னால் வரும் டிரைவருக்கு அந்தச் சின்ன வில்லை சட்டென்று கண்ணில் படாது. நாற்பது வயதில் முதல்முறை ஸ்டியரிங் பிடிக்கும் பெண்மணிக்கு அது கிடைக்கவும் கிடைக்காது.

ஜப்பானில் 1972-லிருந்து வகாபா குறி இருக்கிறது. பாதி மஞ்சள், பாதி பச்சை, இளம் இலை போன்ற வடிவம். கார் லைசென்ஸ் வாங்கி ஓராண்டு வரை எந்த வயதினரும் வண்டியின் முன்னும் பின்னும், தரையிலிருந்து 40 முதல் 120 செ.மீ. உயரத்துக்குள் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அபராதம். இதுவரை சொன்னது புதியவரின் கடமை. மற்றவர்களுக்கும் அங்கே கடமை உண்டு: ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியில்லாத நேரம் தவிர, வகாபா வண்டியைப் பக்கவாட்டில் நெருக்கினாலோ, குறுக்கே புகுந்து கட் அடித்தாலோ, அப்படிச் செய்தவருக்கு அபராதம், லைசென்ஸில் தண்டனைப் புள்ளியும் ஏறும். ஓராண்டு முடிந்த பிறகும் நம்பிக்கை வரவில்லை என்றால் குறியை வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கான நாலு இலைக் குறிக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை, ஜப்பான் வழிதான் சரி. முதல் வருடம் எல்லோருக்கும் கட்டாயம் என்பதால் யாருக்கும் கூச்சமில்லை. அப்புறம் விருப்பம். பயந்தவரிடம் ‘ஒட்டிக்கொள்’ என்று சொல்வதோடு நிற்காமல், நெருக்குகிறவரிடம் ‘தள்ளிப் போ’ என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. நம் விதிகளில் இந்த இரண்டாவது பாதி வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இன்னொன்றை பிரிட்டனிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். பழகுநர் ஓட்டாத நேரத்தில் எல் பலகையைக் கழற்றவோ மூடவோ வேண்டும் என்பது அங்கே விதி. டிரைவிங் ஸ்கூல் வண்டிக்கு மட்டும் விலக்கு. இங்கே மகள் பழகியபோது ஒட்டிய எல், வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமான பிறகும் கண்ணாடியில் இருக்கும். அதே வண்டியை அப்பா நாற்கரச் சாலையில் நூறில் விரட்டுவார். இப்படி நாலு வண்டியைப் பார்த்தவர் ஐந்தாவது எல்-ஐ எப்படி நம்புவார்?

ஆகவே இப்போதைக்கு ஒட்ட நினைப்பவர்கள், பசை ஸ்டிக்கரை விட்டுவிட்டுக் காந்தப் பலகை வாங்குங்கள். புதியவர் இறங்கியதும் எடுத்துவிடலாம். பின்கதவில் வையுங்கள், உங்களுக்கு இடம் விட வேண்டியவர் பின்னால்தான் இருக்கிறார். சில கார்களின் பின்கதவு பிளாஸ்டிக், அதில் காந்தம் நிற்காது. வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டும் இடத்தைத் துடைத்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் நடுவில் மாட்டும் மணல் பெயின்ட்டைக் கீறிவிடும். கண்ணாடியில் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கீழ் மூலையில் ஒட்டுங்கள், நடுவில் வேண்டாம். ரிவர்ஸ் எடுக்கப் பழகுகிறவருக்குப் பின்கண்ணாடி முழுக்கத் தெரிய வேண்டும்.