நொய்யல் கரை வகுப்பறைக்கு வந்த கடல்: ஐந்து நாள் கோடைப் பயிற்சி குறித்து ஒரு மதிப்புரை

கடலின் நிகழ்நேரத் தரவுகளை வகுப்பறையில் பயன்படுத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்குக் கற்றுத்தரும் ஐந்து நாள் பயிற்சி ஒன்றில், கடந்த மே மாதம் கோயம்புத்தூரில் கலந்துகொண்டேன். நொய்யல் கரையோரத்து அரசுப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். நீர்க்கோளம் பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் கடலை நேரில் பார்த்தவர்கள் யார் என்று கேட்பேன். நாற்பது பேரில் ஏழெட்டுக் கைகள் உயரும், அவர்களும் திருச்செந்தூருக்கோ இராமேசுவரத்துக்கோ குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வந்தவர்களாக இருப்பார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கடலைச் சொல்லித்தர இந்தப் பயிற்சி எவ்வளவு உதவும் என்பதை, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்காகப் பதிவு செய்கிறேன்.

முதல் நாள் முழுவதும் உரைகளிலேயே போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் சொல்லக்கூடியதைத்தான் மாலை வரை இழுத்தார்கள். இரண்டாம் நாள், கடலுக்குள் தானாக மூழ்கி எழுந்து அளவெடுக்கும் ஆர்கோ மிதவைகளின் தரவைக் கையில் கொடுத்தபோதுதான் பயிற்சி உண்மையில் தொடங்கியது. உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள் இயங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு நகர்ந்துகொண்டிருக்கும். பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து மேலே ஏறும் வழியெல்லாம் வெப்பநிலையையும் உவர்ப்பியத்தையும் (ஒரு கிலோ நீரில் ஏறக்குறைய எத்தனை கிராம் உப்பு என்ற அளவு) அளந்து, நீர்ப்பரப்புக்கு வந்ததும் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடியும் மூழ்கிவிடும். உள்ளே இருக்கும் எண்ணெயை வெளிப்புறப் பைக்குத் தள்ளினால் எடை மாறாமல் பருமன் மட்டும் கூடுகிறது, மிதவை மேலே வருகிறது. எண்ணெயை உள்ளே இழுத்தால் இறங்குகிறது. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் இதுவரை வகுப்பில் சொன்னதில்லை. இந்தியாவின் ஆர்கோ பணிகளை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனம் கவனிக்கிறது. அளவீடுகள் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பொதுவெளிக்கு வந்துவிடுகின்றன; யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

அன்று ஆளுக்கொரு மிதவையின் ஏழு இலக்க எண்ணைக் கொடுத்து, அதன் ஒரே ஒரு ஏற்றத்தின் அளவீடுகளை வரைபடமாக்கச் சொன்னார்கள். என் வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் இடது ஓரத்தில் ஒட்டிக் கிடக்க, ஒரு கோடு மட்டும் வலது கோடி வரை பாய்ந்திருந்தது. அட்டவணையைத் தேடிப் பார்த்தபோது ஒரு வரிசையில் 99999 என்று இருந்தது. அளவீடு கிடைக்காத இடத்தில் அந்த எண்ணை நிரப்புவது ஆர்கோ தரவின் வழக்கம் என்றும், ஒவ்வொரு அளவீட்டின் பக்கத்திலும் இருக்கும் தரக்குறியீட்டில் 1 என்றால் நம்பலாம், 4 என்றால் தள்ளிவிட வேண்டும் என்றும் பயிற்றுநர் பக்கத்தில் அமர்ந்து விளக்கினார். அந்த அரை மணி நேரத்துக்காகவே இந்தப் பயிற்சியைப் பாராட்டலாம். பாடநூலில் எண்கள் துடைத்து அடுக்கிய பாத்திரங்களைப் போல வருகின்றன. அவை எங்கிருந்து, என்னென்ன குறைகளோடு வருகின்றன என்பதை மாணவர் பார்ப்பதற்கு வாய்ப்பே இல்லை.

மூன்றாம் நாள் அரபிக்கடல் மிதவை ஒன்றையும் வங்கக்கடல் மிதவை ஒன்றையும் ஒப்பிட்டோம். அரபிக்கடலில் மேற்பரப்பு உவர்ப்பியம் 36-ஐ ஒட்டி இருக்க, கங்கையும் பிரம்மபுத்திராவும் நன்னீரைக் கொட்டும் வட வங்கக்கடலில் அது 33-க்கும் கீழே இருந்தது. அந்த இலேசான நீர் மேலே மூடிபோல் நிற்பதால் அடியிலுள்ள குளிர்ந்த நீர் எளிதில் கலப்பதில்லை; மேற்பரப்பு சூடாகவே இருக்கிறது, புயல்களுக்கு அது தீனியாகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை கொண்டுவரும் கடல் இதுதான் என்பதால் பயிற்சியில் இதற்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கையில் கொடுத்த செயல்தாள்கள் அமெரிக்கக் கடற்கரையின் மிதவைகளுக்காக எழுதப்பட்டவை. ஃபாரன்ஹீட்டிலும் அடியிலும் இருந்தவற்றை அப்படியே படியெடுத்துத் தந்தார்கள். தமிழில் ஒரு தாள்கூட இல்லை. தரவுகளின் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும் என்பதையும் யாரும் முதலில் சொல்லவில்லை. சென்னைத் துறைமுக நீர்மட்ட வரைபடத்தில் ஓதம் ஏறும் நேரத்தை எங்களில் பாதிப்பேர் தவறாகக் குறித்த பிறகுதான் அது தெரியவந்தது. 2004 ஆழிப்பேரலைக்குக் காரணமான நிலநடுக்கம் உலகப் பொது நேரம் 00:58-க்கு நிகழ்ந்தது, நமக்கு அது காலை 6:28 என்று ஒரு வரி சொல்லியிருந்தால் எவருக்கும் மறந்திருக்காது.

இவற்றைவிடப் பெரிய குறை, அளந்த தரவையும் கணினி மாதிரி (மாடல்) கணித்த படத்தையும் ஒரே மூச்சில் நிகழ்நேரத் தரவு என்று சொன்னது. நான்காம் நாள் காட்டிய எர்த் நல்ஸ்கூல் இணையதளத்தில் காற்று ஓடும் படம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அது வானிலை மாதிரிகளின் கணிப்பு. மிதவை நீரில் இறங்கி அளந்த எண் அல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் வகுப்புக்குக் கொண்டுபோனால் பிள்ளைகளுக்குத் தவறான பழக்கத்தைத் தந்துவிடுவோம்.

இருந்தாலும் அந்தப் படம்தான் எங்களைக் கடலோடு கட்டிப்போட்டது. முந்தைய ஆண்டின் ஆடி மாதத் தேதி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். தென் இந்தியப் பெருங்கடலில் கிளம்பும் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டி, சோமாலியாக் கரையோரம் வலப்பக்கம் வளைந்து, அரபிக்கடலைக் கடந்து கேரளத்தில் ஏறி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சிக்கும் பல்லடத்துக்கும் வருவது கோடு கோடாகத் தெரிந்தது. உடுமலைப் பக்கத்து ஆசிரியை ஒருவர் எழுந்து, "ஏனுங்க சார், இது எங்கூரு காத்தாலையைச் சுத்தற காத்துங்களே" என்றார். அதே காற்று சோமாலியாக் கரையில் மேற்பரப்பு நீரை விலக்கிவிடுவதால் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அதை மிதவைகளின் வெப்பநிலையிலேயே பார்க்க முடிந்தது. அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்லும் ஆடிக்காற்றின் மறுமுனையை எண்களாகப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இந்த இணைப்பு பயிற்சித் திட்டத்தில் இல்லை, நாங்களாகக் கண்டுகொண்டது. கொங்கு நாட்டில் நடத்தும் பயிற்சி இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பள்ளி திறந்ததும் இதை நடத்திப் பார்த்தேன். உவர்ப்பியம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் விளக்கமே தேவைப்படவில்லை. சாயக்கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்ட கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டீடிஎஸ் மீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. ஒரு மாணவி அப்பாவின் மீட்டரைக் கொண்டுவந்து எங்கள் போர் தண்ணீரை அளந்தாள், 1,840 காட்டியது. பிறகு 35 கிராம் உப்பைக் கரைத்து ஒரு கிலோ நீராக்கிக் கடல்நீர்போல் வைத்தோம். மீட்டரால் அதைக் காட்டவே முடியவில்லை. நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்துத்தான் மிதவையும் உப்பைக் கணக்கிடுகிறது என்று சொன்னதும், "அப்ப அது கடலுக்குள்ள போற டீடிஎஸ் மீட்டருங்களா டீச்சர்" என்று அவள் கேட்டாள். அவ்வளவுதான் பாடம்.

கணினி அறிவு அதிகம் தேவையில்லை. எக்செல்லில் ஒரு வரைபடம் போடத் தெரிந்தால் போதும். கட்டணம் கிடையாது, மதிய உணவு நன்றாக இருந்தது, பயணச் செலவு நம்முடையது. மடிக்கணினி கட்டாயம் கொண்டுபோங்கள், இருவருக்கு ஒன்று என்றால் கற்றுக்கொள்ள முடியாது. பள்ளியின் ஹைடெக் லேபில் இணையம் எப்போது நிற்கும் என்று தெரியாததால், நான்கைந்து மிதவைகளின் கோப்புகளைப் பயிற்சி முடிவதற்குள் பென்டிரைவில் இறக்கிக்கொள்வது நல்லது. நான் அப்படி எடுத்துவந்தவற்றை வைத்துத்தான் ஜூன் மாதம் முழுவதும் வகுப்பு நடத்தினேன்.