காரைக்காலில் வாங்கிய பிளாக் லேபிள்: சரக்குக்கு நாலு ஸ்டார், கம்பெனிக்கு இரண்டு

மாயவரம், நாகை, திருவாரூர் ஆட்களுக்கு ஸ்காட்ச் என்றால் காரைக்கால்தான். நான் போன கடையில் ஏசி உண்டு, நிதானமாகப் பார்த்து எடுக்கலாம், பில் மட்டும் இரண்டு தடவை கேட்டால்தான் வரும். எடுத்தது ஜானி வாக்கர் பிளாக் லேபிள், 750 மில்லி.

சரக்கு அருமை. லேசான புகை வாசம், தொண்டையில் உறுத்தாது, கொஞ்சம் தண்ணீர் போதும். கோலா ஊற்றித்தான் குடிப்பேன் என்றால் ரெட் லேபிளே தாராளம், எதற்குக் கூடுதல் காசு? லேபிளில் போட்டிருக்கும் 12 வருஷம் என்பது கலந்திருக்கும் விஸ்கிகளில் மிக இளையது பீப்பாயில் கிடந்த காலம். பாட்டிலில் அடைத்த பிறகு வயது ஏறாது, அதனால் "பழைய ஸ்டாக் சார், டேஸ்டே வேற" என்று யாராவது விலையை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள்.

நம்ம பக்கம் ஃப்ரிட்ஜில் தண்ணீர் பிடித்து வைக்கிற அந்தச் சதுர பாட்டில் 1860களில் வந்தது. உடைவது குறைவு, பெட்டியில் நிறைய அடுக்கலாம். ஜான் வாக்கர் 1820இல் மளிகைக் கடை போட்ட ஊர் ஸ்காட்லாந்தின் கில்மார்னாக். பழைய பாட்டில்களில் அந்த ஊர்ப் பெயர் இருக்கும். அங்கே ஹில் ஸ்ட்ரீட்டில் 1950களில் பிரம்மாண்டமான பாட்டிலிங் ஆலை வந்தது. விஸ்கி காய்ச்சுவது வேறு ஊர்களில், இங்கே கலந்து அடைப்பார்கள், லேபிள் ஒட்டுவார்கள், பெட்டி கட்டுவார்கள், தலைமுறை தலைமுறையாக ஊரே அதை நம்பிப் பிழைத்தது. 2009இல் ஜானி வாக்கரின் முதலாளி கம்பெனியான டியாஜியோ இந்த ஆலையை மூடப்போவதாகச் சொன்னது. சுமார் 700 பேர் வேலை. ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கி ஊர்வலம் போயும் 2012இல் மூடிவிட்டார்கள், உற்பத்தி லீவன் போன்ற மற்ற ஆலைகளுக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு கல்லூரி நிற்கிறது. ஆலை மூடினால் ஊர் என்ன ஆகும் என்று கரும்பு போட்ட நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் ருசி மாறியதா என்றால் இல்லை, கலவைதான் ருசி, அடைக்கிற இடம் இல்லை. ஆனால் 1820 என்று பெருமையாக அச்சடித்துக்கொண்டு அந்த ஊரை விட்டே கிளம்பியதற்குத்தான் கம்பெனிக்கு இரண்டு.

அப்புறம் முக்கியமான விஷயம், நண்டலாறு, வாஞ்சூர் செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பாட்டிலை இந்தப் பக்கம் கொண்டுவரப் பார்க்காதீர்கள், அங்கேயே முடித்துவிட்டு பஸ்ஸில் வாருங்கள். பைக் வேண்டாம்.