ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள்: எதை எவ்வளவு நம்பலாம்?

இந்தக் கருவிகளை ஒப்பிடும் பலரும் முதலில் கேட்பது, எது அதிகமாகப் பிடிக்கிறது என்றுதான். சொந்தமாக எழுதியவரை எது குறைவாக மாட்டிவிடுகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் ஒரு கருவி கொண்டுவந்தது. அவர்களே நடத்திய சோதனையில் ஏஐ எழுத்தில் 26 சதவீதம்தான் சிக்கியது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தின் மேல் பழி விழுந்தது. துல்லியம் போதாது என்று ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள்.

பிரின்ஸ்டன் மாணவர் எட்வர்ட் தியான் அதே ஜனவரியில் வெளியிட்ட ஜிபிடிஜீரோ இன்றும் இருக்கிறது. அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது, வாக்கியத்துக்கு வாக்கியம் நடை எவ்வளவு மாறுகிறது, இந்த இரண்டையும் அளந்துதான் அது தொடங்கியது. எளிதாக ஊகிக்க முடிந்தால், நடை மாறாமல் இருந்தால், ஏஐ எழுதியது என்று சந்தேகப்படும். சிக்கலே இங்கேதான். ஒரு மொழியைப் புதிதாகக் கற்றவர், தெரிந்த கொஞ்சம் சொற்களை வைத்து, பிழை வந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து எழுதுவார். அந்த எழுத்தை ஊகிப்பது எளிது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஜிபிடிஜீரோ உட்பட 7 கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதத்துக்கு மேல் ஏஐ எழுதியது என்று தீர்ப்பு வந்தது! கருவிகள் அப்புறம் மாறியிருக்கின்றன, சரி. ஆனாலும் கஷ்டப்பட்டு எழுதியவர் மேலேயே பழி விழுந்தது மனதை உறுத்துகிறது.

கல்லூரிகள் காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் டர்னிட்டின், ஒரு கட்டுரையில் எத்தனை சதவீதம் ஏஐ எழுதியது என்றும் சொல்கிறது. அதில் ஒரு நல்ல பழக்கம் உண்டு: 1 முதல் 19 சதவீதம் வரை வந்தால் எண்ணைக் காட்டாமல் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் போடுகிறது. மனிதர் எழுதியதை ஏஐ என்று சொல்லும் தவறு 1 சதவீதத்துக்கும் குறைவு என்பது அவர்கள் வாக்கு. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதை வைத்தே கணக்குப் போட்டது. 2022இல் அங்கிருந்து டர்னிட்டினுக்குப் போனவை 75,000 கட்டுரைகள். 1 சதவீதம் என்றால் ஏறக்குறைய 750 பேர் செய்யாத தவறுக்குப் பதில் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் அந்த வசதியை வாண்டர்பில்ட் நிறுத்திவிட்டது.

2019இல் வந்த ஜிஎல்டிஆர் என்ற கருவி பழசு, ஓப்பன்ஏஐயின் பழைய ஏஐ மாதிரியான ஜிபிடி-2 காலத்தது. இன்றைய ஏஐ எழுத்தைப் பிடிக்க உதவாது. ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான். தீர்ப்பே சொல்லாது, சொற்களுக்கு நிறம் பூசும். ஒரு சொல், அந்த இடத்துக்கு ஏஐ மாதிரி ஊகித்த முதல் 10 சொற்களுக்குள் இருந்தால் பச்சை, 100க்குள் மஞ்சள், 1000க்குள் சிவப்பு, அதையும் தாண்டினால் ஊதா. எதனால் சந்தேகம் வந்தது என்று ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பார்க்கலாம்.

கூகுளின் சிந்த்ஐடி வழி வேறு. ஏஐ எழுதும்போதே சொல் தேர்வில் கண்ணுக்குத் தெரியாத முத்திரை வைத்துவிடுகிறது. அந்த முத்திரையை வைக்காத வேறு ஏஐ எழுதியதை அதனால் கண்டுபிடிக்க முடியாது. நன்றாக மாற்றி எழுதினாலும் மொழிபெயர்த்தாலும் முத்திரை மங்கிவிடும்.

ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் டர்னிட்டினை எடுப்பேன், அந்த நட்சத்திரக் குறிக்காக. அதிலும் 90 என்று வந்தால் உடனே மதிப்பெண்ணில் கை வைக்க மாட்டேன். முதல் வரைவைக் காட்டச் சொல்லி, எழுதியவரோடு உட்கார்ந்து பேசுவேன்.