சிரட்டைக்கு இங்கிலீஷ்ல என்ன? ரெண்டு வருஷ அனுபவம்

நேத்து மார்த்தாண்டத்துல இருந்து மச்சினன் போன் பண்ணி, வெளிநாட்டு பிள்ளைகிட்ட வீடியோ கால்ல இங்கிலீஷ் பேசுத அந்த ஆப்பு எப்படி, மவனை சேத்து விடவான்னு கேட்டான். எனக்க மவ ரெண்டு வருஷமா அதுல தான் இருக்கா, அவன்கிட்ட சொன்னத இங்கயும் போட்டுருதேன்.

ஏற்பாடு தெரிஞ்சது தான், அரை மணிக்கூர் இங்கிலீஷ், அரை மணிக்கூர் தமிழ். எங்களுக்கு கிடைச்சது டொராண்டோவுல ஒரு பையன், பூர்வீகம் யாழ்ப்பாணம், அவனுக்கு தமிழ் வேணும் நமக்கு இங்கிலீஷ் வேணும், கணக்கு சரின்னு நெனச்சேன். கணக்குல நான் சேக்காம விட்டது அவனுக்க பாட்டிய.

முதல் மாசம் ஒழுங்கா தான் போச்சு. ஒரு நாள் இவ "மை கிராண்ட்பா கட்ஸ் ரப்பர்"னா, அவன் தாத்தாவுக்கு டயர் கடையான்னு கேட்டான். இவ விடுவாளா, போனை தூக்கிட்டு வீட்டுக்கு பின்னால ரப்பர் மரத்துக்கிட்ட ஓடி, பால் சொட்டுத சிரட்டைய, அதான் கொட்டாங்குச்சிய, காட்டி திஸ் இஸ் மில்க், திஸ் இஸ்ன்னு இழுக்கா, சிரட்டைக்கு என்னப்பான்னு என்னைய பாக்கா, எனக்கும் சட்டுன்னு வரல்ல. ரெண்டு பேரும் முழிக்கோம், அங்க பின்னால இருந்து ஒரு சத்தம், "அது சிரட்டையெல்லோ!" மெட்ராஸ்ல சிரட்டைன்னா முழிப்பாங்க, டொராண்டோவுல ஒரு பாட்டிக்கு விளங்குது பாத்துக்கிடுங்க.

அன்னைக்கு எனக்கும் சந்தோசம் தான், பொய் சொல்லல்ல. ஆனா அன்னைக்கு வந்து இருந்த பாட்டி பொறவு எழும்பவே இல்ல. எனக்க வீட்டுக்காரி முந்திரிக்கொத்து சுட்டத காட்ட, அவிய அது பயத்தம்பணியாரம்ங்க, பயறும் சக்கரையும் தேங்காயும் ரெண்டு ஊருலயும் ஒண்ணு தானாம், அதுலயே மூணு ஞாயிறு இங்கிலீஷ் நேரம் போச்சு. நமக்கு காலை 6:30ன்னா அங்க சனி ராத்திரி 9, பாட்டிக்கு கண்ணு சொருவும், கொஞ்சம் இங்கிலீஷ் கேக்கும், ஜூன்ல மழை பிடிச்சா அப்பவும் நெட்டு போவும். நவம்பர் முதல் ஞாயிறு அங்க மணிய பின்னால திருப்புவாவ, பொறவு மார்ச் வரைக்கும் நம்ம 6:30க்கு அங்க 8 தான், பாட்டி நல்லா ஜம்முன்னு இருப்பாவ.

நியாயமா சொல்லணும்னா, ஆளைக் கண்டா வாயே தொறக்காத பிள்ள இப்ப விளங்கல்லன்னா "சே தட் அகெய்ன்"னு கூச்சமில்லாம கேக்கா. பள்ளிக்கூடத்துல இத்தன வருஷம் நடக்காதது. அந்த பையனும் "எனக்க அம்மா"ன்னு எங்க ஊரு தமிழ் பேசுதான், அவனுக்க அம்மைக்கு தான் அதுல கொஞ்சம் வருத்தம்.

மச்சினன்கிட்ட சொல்லிட்டேன், இங்கிலீஷுக்குன்னா வேண்டாம்ல, பைசா வேஸ்ட்டு, ரெண்டு ஸ்டார் தான் குடுப்பேன்னு. போனை வச்சா வீட்டுக்காரி மெசேஜ காட்டுதா, அடுத்த வருஷத்துக்கும் பைசா கட்டியாச்சாம். அக்டோபர் இப்பவே பாதி போச்சு.